பச்சை அட்டையில் இரண்டு துளைகள்

“கை கழுவிட்டு வாங்கண்ணே” என்றான் சகலை.

என்னைப் பார்த்து. ஒரு நாளைக்கு நாற்பது தடவை கை கழுவுகிற பல் டாக்டரைப் பார்த்து! பழைய புத்தகத்தைத் தொடுவதற்கு முன் கை கழுவ வேண்டும், துடைத்த பிறகும் ஈரம் போக ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும் என்பதெல்லாம் மூன்று வருஷத்துக்கு முன்னால் என் வீட்டில், என் அலமாரிக்கு முன்னால் நின்று என்னிடமிருந்து இவன் பொறுக்கிக்கொண்டு போனவை. இன்றைக்கு அதையே எனக்குத் திருப்பிச் சொல்கிறான். நான் போய்க் கழுவினேன். வாஷ்பேசின் கண்ணாடியில் ஒரு மூஞ்சி தெரிந்தது. சிரிக்க முயற்சி செய்துகொண்டிருந்தது. பல் வரிசை மட்டும் நன்றாக இருந்தது.

இவன் என் மனைவியின் தங்கை புருஷன். லிஃப்ட் கம்பெனியில் சர்வீஸ் மேனேஜர். நேரில் “வாங்க சகலை, போங்க சகலை” என்றுதான் பேசுவேன். மனசுக்குள் மட்டும் அவன், இவன். முழு மரியாதையையும் வாயோடு நிறுத்திக்கொள்வது எங்கள் தொழிலில் பழக்கம்தான்.

ஹாலில் அக்காவும் தங்கையும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவன் உள்ளறைக் கதவைச் சாத்தினான். மேஜையில் வெள்ளைத் துணி விரித்திருந்தான். அதன் மேல் அது இருந்தது.

பச்சை ஆட்டுத்தோல் அட்டை. நாலு மூலையிலும் கொடி ஓடும் பொன் வேலைப்பாடு. நடுவில் கழுத்தை வளைத்த அன்னம், அதன் தலைக்கு மேல் சின்னக் கிரீடம். இளையராணியின் முத்திரை. அந்த ராணிக்குப் பெரிய ராஜ்யம் ஒன்றும் கிடையாது. ராஜாவின் இரண்டாவது மனைவி. ஆள வேண்டியதெல்லாம் மூத்தவள் ஆண்டுகொண்டிருந்தாள், இவள் மாடி அறையில் உட்கார்ந்து படித்தாள். கைக்கு வந்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரே மாதிரி பச்சை அட்டை போட்டு, அன்னத்தைப் பொறித்து வைத்தாள். முந்நூறுக்கு மேல். அவளுக்குப் பின்னால் வந்த வாரிசுகள் அரண்மனையை விற்றபோது கட்டில், பீரோ எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டார்கள், புத்தகங்களைச் சாக்கில் கட்டி எடைக்குப் போட்டார்கள். அப்படிச் சிதறியவற்றைத் தேடித்தேடிப் பன்னிரண்டு வருஷத்தில் நான் சேர்த்தது பதினொன்று. இவன் மூன்று வருஷத்தில் நாலு. லிஃப்ட்காரன் அல்லவா, படி ஏறிப் பழக்கமில்லை, பட்டனை அமுக்கினால் மேலே போய்விடுகிறான்.

இது ஐந்தாவது. இளையராணி காலத்து அரண்மனைப் புத்தகப் பட்டியலில் ‘பறவைகள், வண்ணப் படங்களுடன்’ என்று ஒரே ஒரு வரி உண்டு. அந்த ஒரு வரிக்காக எத்தனை வியாபாரிகளிடம் சொல்லிவைத்திருந்தேன்! அதில் ஒருத்தன்தான் இவனுக்கு விற்றிருக்கிறான். போனில். பத்து நிமிஷத்தில்.

“எப்படி இருக்குண்ணே?”

“ம்.”

“ம்-னா?”

“பாக்கவிடுங்க.”

புரட்டினேன். ஒரு மீன்கொத்தி. இறகின் நீலம் நேற்றுத் தீட்டினாற்போல இருந்தது. அடுத்தது ஒரு கொக்கு, ஒற்றைக் காலில். எனக்கு அடிவயிற்றில் ஆரம்பித்து நெஞ்சு வரைக்கும் எரிந்தது. இது எரிச்சல்தான், மாத்திரை போட்டால் போகிற எரிச்சல் இல்லை. இவன் இந்தக் கொக்கை என்ன செய்வான்? போனில் படம் பிடித்து ஆபீஸ் குரூப்பில் போடுவான். கீழே பத்துப் பேர் கட்டைவிரலைத் தூக்குவார்கள்.

“அண்ணே, இன்னொரு விஷயம். அடுத்த மாசம் கண்காட்சிக்குப் போடற புத்தகப் பட்டியல் இருக்குல்ல, அதுல முதல் பக்கத்துக்கு இந்தப் படம்தான்னு ஸ்கேல் சார் சொல்லிட்டாரு.”

ஸ்கேல் சார் என்பது எங்கள் சேகரிப்பாளர் வட்டத்தின் செயலாளர். ஓய்வுபெற்ற சர்வேயர். எதைக் காட்டினாலும் முதலில் சட்டைப்பையிலிருந்து ஸ்கேலை எடுப்பார். போன கண்காட்சியில் முதல் பக்கம் என்னுடையது. அதற்கு முந்தியதிலும்.

“ரொம்ப சந்தோஷம்” என்றேன். என் குரல் எனக்கே டெலிபோனில் கேட்பதுபோல இருந்தது.

டீ கொண்டுவர அவன் வெளியே போனான். அப்போதுதான் பார்த்தேன். முன்னட்டையில், அன்னத்தின் கழுத்துக்குப் பக்கத்தில், இரண்டு துளைகள். பாம்பு கடித்தாற்போல அடுத்தடுத்து. பூச்சி அரித்தது. பழைய புத்தகத்தில் இது சகஜம். ஆனால் நான் பல் டாக்டர். மேலே ஒரு துளையைப் பார்த்தால், உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்காமல் எனக்குக் கை நிற்காது. அட்டையைத் திறந்தேன். உள்பக்கம் ஒட்டியிருந்த தாள் முழுசாக இருந்தது. துளை இல்லை. முதல் பக்கம், துளை இல்லை. இரண்டாவது பக்கம், இல்லை. அட்டையை முழுசாகக் குடைந்துகொண்டு வந்த பூச்சி, தாளைப் பார்த்ததும் மரியாதையாகத் திரும்பிப் போய்விட்டதா?

முதுகில் ஒட்டியிருந்த தலைப்புச் சீட்டைப் பார்த்தேன். தோல் பழசு, ஒட்டியது புதுசு.

அட்டை இளையராணியுடையது. புத்தகம் வேறு யாருடையதோ. எங்கோ ஒரு மேஜையில் எவனோ இரண்டையும் சேர்த்துக் கட்டி, இந்த லிஃப்ட்காரன் தலையில் கட்டிவிட்டான்.

எரிந்துகொண்டிருந்த வயிற்றில் யாரோ ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாற்போல இருந்தது. சட்டைப்பையில் எப்போதும் ஈறின் ஆழம் பார்க்கிற கம்பி ஒன்று இருக்கும், மில்லிமீட்டர் கோடு போட்டது. சட்டென்று அளந்தேன். துளைக்கும் துளைக்கும் நடுவில் ஒன்பது. முதுகிலிருந்து முதல் துளைக்கு நாற்பத்தொன்று. கம்பியைப் பைக்குள் போடவும் அவன் டீயோடு வரவும் சரியாக இருந்தது.

சொல்லியிருக்கலாம். அங்கேயே, அறைக்குள், இரண்டே பேர் இருக்கும்போது சொல்லியிருக்கலாம். “அருமையான புத்தகம் சகலை” என்று சொன்னேன். இவ்வளவு நல்ல விஷயத்தை ஒற்றை ஆளிடம் சொல்லி வீணாக்க மனசு வரவில்லை.

காரில் மனைவி என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“போகும்போது உம்முனு வந்தீங்க. இப்ப என்ன பாட்டு முனகறீங்க?”

“சும்மாதான்.”

“என் தங்கச்சி புருஷனுக்கு ஏதாவது நஷ்டமா?”

பெண்களுக்கு எக்ஸ்ரே தேவையில்லை. நான் சிக்னலில் நின்றபோது ஸ்கேல் சாருக்குச் செய்தி அடித்தேன். ‘பறவைப் புத்தகம் ஒட்டுப்போட்டது. அட்டை வேறு, உள்ளே வேறு. துளைகள் 9 மி.மீ., முதுகிலிருந்து 41. நிரூபிக்கிறேன்.’ பின்னால் ஹாரன் அடித்தார்கள். வீட்டு வாசலுக்கு வருவதற்குள் பதில். ‘சனிக்கிழமை வட்டத்தில் எல்லார் முன்னாலும் காட்டுங்கள். அதுவரை மூச்சு விடமாட்டேன்.’

திங்கட்கிழமை கிளினிக்கில் முதல் நோயாளி ஒரு கணக்கு டீச்சர். ஊசி போட்டுவிட்டு மரத்துப்போகக் காத்திருக்கும்போது, பயம் தெளிவதற்காக நோயாளிகளுக்கு ஒரு படம் காட்டுவது என் வழக்கம். பிளாஸ்டர் தாடைக்குப் பக்கத்தில் ஒரு பழைய புத்தகம் வைத்திருக்கிறேன். பல் வைத்தியம் பற்றியது, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தியது. அதில் பல் பிடுங்கும் குறடு ஒன்றின் படம் உண்டு, குதிரைக்கு லாடம் அடிக்கிற சாமான் மாதிரி இருக்கும். “அந்தக் காலத்துல பிறந்திருந்தா இதுதான் டீச்சர்” என்பேன். சிரிப்பார்கள். நான் வாங்கிய முதல் பழைய புத்தகம் அதுதான். கிளினிக் திறந்த வருஷம், பதினெட்டு வருஷம் ஆகிறது. அப்போது எனக்கு இளையராணியும் தெரியாது, அன்னமும் தெரியாது.

திறந்தேன். தலைப்புப் பக்கத்தில் இரண்டு துளைகள்.

பதினெட்டு வருஷமாகப் பார்க்கிற துளைகள். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. ஒன்பது. முதுகிலிருந்து நாற்பத்தொன்று.

மறுபடி அளந்தேன். டீச்சர் திறந்த வாயோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் புத்தகத்துக்கு இப்போது இருப்பது மெரூன் கலர் ரெக்ஸின் அட்டை. மேலே தங்க எழுத்தில் என் கிளினிக் பெயர், கீழே போன் நம்பர். போட்டுக்கொடுத்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருந்த பைண்டர். வாங்கும்போது அது கருப்பாக, பூஞ்சணம் பூத்து, பிசுபிசுவென்று ஒரு அட்டைக்குள் இருந்தது. பூச்சி அரித்திருந்தது. நான் புதுசாகப் படித்துவிட்டு வந்த டாக்டர், கிருமி என்றால் உயிர். மற்றப் புத்தகங்களுக்கும் பரவிவிடும் என்று பயந்து பைண்டரிடம் சொன்னது அப்படியே காதில் விழுந்தது. “இந்தக் குப்பை அட்டையைக் கழட்டிடுங்க. புதுசா பளிச்னு ஒண்ணு போடுங்க.”

வாங்கப் போனபோது அந்த மனுஷர் கேட்கவும் செய்தார். “பழைய அட்டை வேணுமா டாக்டர்? துடைச்சுப் பாத்தேன், உள்ள ஏதோ பறவை மாதிரி தெரியுது.”

“எனக்கெதுக்கு? நீங்களே வெச்சுக்கங்க.”

நான்தான் சொன்னேன். இந்த வாயால்தான்.

டீச்சருக்கு எப்படிப் பல்லை அடைத்தேன் என்று தெரியவில்லை. அதன் பிறகு நாலு நாள் நான் மனுஷனாக இல்லை. இதுவரை அவனிடம் இருப்பது எனக்கு இல்லையே என்ற எரிச்சல். இப்போது அவனிடம் இருப்பது என்னுடையது என்ற எரிச்சல். முன்னது அடுப்பு, இது காடு. என் அட்டை அவன் வீட்டில் வெள்ளைத் துணியில் படுத்திருக்கிறது. என் அட்டையைத் தொட நான் கை கழுவ வேண்டும்!

வியாழக்கிழமை ஸ்கேல் சார் போன் செய்தார்.

“டாக்டர், யோசிச்சுப் பாத்தேன். உங்க வாதம் பத்தாது. பூச்சி அட்டையோட நின்னுருக்கலாம், ரிப்பேர் பண்ணவன் உள்தாளை மாத்தியிருக்கலாம்னு யாராவது சொல்வாங்க. அந்த அட்டையோட சொந்தப் புத்தகம் கிடைச்சா அப்புறம் பேச்சே கிடையாது.”

“அது எங்க சார் கிடைக்கும்?”

“அதான். ஆனா ஒண்ணு டாக்டர், ரெண்டு ஓட்டை, நடுவுல ஒன்பது மில்லிமீட்டர்... எங்கயோ பாத்த மாதிரியே இருக்கு எனக்கு.”

அவருக்கு ஆறு மாதமாக என்னிடம்தான் வைத்தியம். அந்த நாற்காலியில் படுத்துக்கொண்டு அந்தக் குறட்டுப் படத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறார்! திங்கட்கிழமை அவருக்கு மறுபடி அப்பாயின்ட்மெண்ட். ஸ்கேலோடுதான் வருவார். சனிக்கிழமை நான் அவனைப் போட்டுக்கொடுத்தால், திங்கட்கிழமை என் கதை சந்தி சிரிக்கும். வட்டத்திலேயே மூத்தவன், எல்லாருக்கும் புத்தகத்தை எப்படித் தொடுவது என்று பாடம் நடத்துகிறவன், இளையராணியின் அட்டையைக் கழற்றிக் குப்பை என்று கொடுத்துவிட்டு ரெக்ஸினில் போன் நம்பர் அடித்தவன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். வரவேற்பில் இருக்கிற பெண் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடித் தகட்டில் பல் சிமெண்ட் குழைத்தேன். எத்தனையோ துளைகளை அடைத்த கை. தாளின் நிறத்துக்கு ஒரு பொட்டு மஞ்சள் சேர்த்தேன். சிறப்பாக வந்தது. குழைத்தால் இரண்டரை நிமிஷம், அதற்குள் வைத்தாக வேண்டும். எத்தனை தாள் வரை துளை போகிறது என்று பார்க்கத் தலைப்புப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.

பதினாலாவது தாளில், கீழ்வரிசைக் கடைவாய்ப்பல் படத்துக்குப் பக்கத்தில், பென்சிலில் இரண்டு வரி. பழைய மாணவன் எவனோ கிறுக்கியது என்று நினைத்து நான் ஒருநாளும் படித்ததில்லை. இப்போது படித்தேன். அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். தூண்டில் முள் மாதிரி வால் வளைந்த எழுத்துகள். வீட்டில் இருக்கிற பதினொன்றில் மூன்றில் மட்டும், இளையராணி ஓரத்தில் ‘நன்று’ என்றோ ‘பொய்’ என்றோ ஒற்றை வார்த்தை எழுதியிருப்பாள். அந்த ஒற்றை வார்த்தைகளை வைத்துக்கொண்டு நான் வட்டத்தில் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன்.

‘இன்றும் வலி. யாரிடமும் சொல்லவில்லை.’

இன்னும் புரட்டினேன். ‘கிராம்பு வைத்தேன், பயனில்லை.’ ‘மூத்தவள் இன்று எல்லார் முன்பும் சிரித்தாள். அவளுக்கு எல்லாப் பற்களும் நன்றாக இருக்கின்றன.’ முப்பத்தேழு இடங்கள். முப்பத்தேழு! பச்சைத் தோலுக்குள் அன்னத்தோடு அன்னமாக நான் தேடிக்கொண்டிருந்தவள், பதினெட்டு வருஷமாக என் பிளாஸ்டர் தாடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு பல் டாக்டரிடம்.

திரும்பிப் பார்த்தால் தகட்டில் சிமெண்ட் கல்லாகியிருந்தது.

கதவு தட்டும் சத்தம். “சார், உங்க சகலை வந்திருக்காங்க. கன்னம் இட்லி மாதிரி வீங்கியிருக்கு.”

அவன் ஒரு கையால் கன்னத்தையும் மறுகையால் ஒரு துணிப்பையையும் பிடித்துக்கொண்டு வந்தான். பையில் என்ன என்று கேட்கவே வேண்டாம்.

“இங்கேருந்து நேரா ஸ்கேல் சார் வீட்டுக்கு, போட்டோ எடுக்க. வண்டியில வெச்சிட்டு வர மனசில்லண்ணே” என்றான். நாற்காலியில் படுத்த பிறகும் பையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

விளக்கைப் போட்டு வாய்க்குள் பார்த்தேன். கீழ்வரிசை, கடைவாய்ப்பல். மேலே சின்னதாகக் கருப்பு, உள்ளே பெரிய குழி.

“எத்தனை நாளா?”

“ஒரு மாசம் இருக்கும்.”

“வீட்டுலயே டாக்டரை வெச்சுக்கிட்டு ஒரு மாசமா? ஏன் சொல்லல?”

விட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “சொன்னா நீங்க சிரிப்பீங்கண்ணே. வெளிய இல்ல, உள்ள. எனக்குத் தெரியும். நான் மட்டும் என்ன? உங்க வீட்டுக்கு வந்து அந்தப் பதினொண்ணையும் பாத்துட்டுப் போனா, ரெண்டு நாளைக்கு என் வீட்டுக்காரி மேல எரிஞ்சு விழுவேன். ‘எங்க அத்தான் அலமாரி’ன்னு அவ ஒரு வார்த்தை சொல்லிட்டா போச்சு, சாப்பாடு இறங்காது. இந்தப் பறவைப் புத்தகத்தை நான் பறவைக்காகவா வாங்கினேன்? எனக்குக் காக்கா, மைனா தவிர ஒண்ணும் தெரியாது. நீங்க தேடறீங்கன்னு கேள்விப்பட்டேன். அவ்வளவுதான்.” பிறகு சிரிக்கப் பார்த்தான், வலித்தது. “நாளைக்கு வட்டத்துல இதைப் பத்திப் பேசும்போது உங்க பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கப் போறேன். அதைச் சொல்லும்போதாவது உங்க மூஞ்சியைப் பாக்கணும்.”

ஊசி போட்டேன். ஐந்து நிமிஷத்தில் பாதி முகம் அவனுடையதாக இல்லை. பஞ்சு வைத்து, வாயைத் திறந்தபடி நிறுத்தினேன். சொத்தையைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன். அவனால் இனி ஒரு வார்த்தை பேச முடியாது. மிஷினை நிறுத்தினேன்.

“சகலை, அந்த அட்டையோட புத்தகம் அது இல்ல.”

கண்கள் என் பக்கம் திரும்பின.

“போன ஞாயித்துக்கிழமையே தெரியும். அப்பவே ஸ்கேல் சாருக்குச் சொல்லிட்டேன். நாளைக்கு எல்லார் முன்னாடியும் உங்களை நிக்க வெக்கலாம்னு இருந்தேன்.”

மடியிலிருந்த பையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டான். தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. அதை வசவாக எடுத்துக்கொண்டேன். பாக்கியையும் சொன்னேன். பைண்டர், பூஞ்சணம், “எனக்கெதுக்கு”, எல்லாவற்றையும். இந்தக் கதையை என் மனைவிகூடக் கேட்டதில்லை. சொல்லி முடித்து மெரூன் புத்தகத்தை எடுத்து அவன் முன்னால் தலைப்புப் பக்கத்தைத் திறந்து பிடித்தேன்.

இரண்டு துளைகளையும் பார்த்தான். என்னைப் பார்த்தான். நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். பன்னிரண்டு வருஷமாக ஒரு பொருளுக்கு நாக்கைத் தொங்கப் போட்டவன், அது அடுத்தவன் கைக்குப் போன பிறகு சொல்கிற கதை.

மெல்லப் பையைத் திறந்தான். பறவைப் புத்தகத்தை எடுத்தான். கையைத் துணியில் துடைத்து, ஈரம் போகக் கொஞ்சம் பொறுத்துவிட்டு, முன்னட்டையைத் திறந்து நிமிர்த்தி விளக்குக்கு நேராகப் பிடித்தான். அன்னத்தின் கழுத்தருகே துளைகள் இரண்டும் அடைபட்டு இருட்டாக இருந்தன. உள்தாள் மறைத்துக்கொண்டிருந்தது. அதைத் தொடாமல் விட்டால் நாளைக்கு அவன் ‘ரிப்பேர்’ என்று சொல்லித் தப்பிக்கலாம். எனக்கும் அது வசதி. இரண்டு பேருக்கும் அது தெரிந்தது.

என் தட்டிலிருந்து அவன்தான் கம்பியை எடுத்தான். கேட்கவில்லை. முனையை முதல் துளைக்குள் விட்டு மெதுவாக அழுத்தினான். டப் என்று தாள் விட்டுக்கொடுத்தது. இரண்டாவது. டப்.

விளக்கு வெளிச்சம் இரண்டு ஊசிகளாக உள்ளே வந்து, நான் பிடித்திருந்த தலைப்புப் பக்கத்தின் மேல் விழுந்தது. நான் தாளை அட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். கொஞ்சம் இடது. கொஞ்சம் மேலே. புள்ளிகள் இரண்டும் தாளிலிருந்து காணாமல்போய், அவன் மார்பில் கட்டியிருந்த வெள்ளைத் துணியில் போய் உட்கார்ந்தன.

அவன் இடது கை பச்சை அட்டையை விட்டு நகர்ந்து என் புத்தகத்தின் ஓரத்தைப் பிடித்தது. என் கை எப்போது அவன் அட்டையைப் பிடித்தது என்று எனக்குத் தெரியாது. அன்னத்தின் பொன் விளிம்பு விரலுக்கடியில் சில்லென்று இருந்தது. இழுக்கவில்லை. விடவும் இல்லை. அவனும்தான்.

“சார், அடுத்த ஆளை அனுப்பவா?” என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

வெள்ளைத் துணியில் அந்த இரண்டு வெளிச்சப் புள்ளிகளும் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தன. அவன் மூச்சிலா, என் கையிலா என்று தெரியவில்லை.